கப்பி வெட்டிய புருனெல்

போன செமஸ்டர் லீவுல வீட்டுக்கு ஒரு புத்தக ஷெல்ஃப் செய்யலாம்னு இறங்கினேன். பிளைவுட் வாங்கியாச்சு. நாலு வீடியோ பார்த்து ஒரு ஜிக்சாவும் வாங்கியாச்சு. ஏன் ஜிக்சா? விலை கம்மி, பார்க்கப் பயமா இல்லை, வீடியோவுல அதை வச்சு எல்லாத்தையும் வெட்டுறாங்க. ஆறடிக்கு நேரா ஒரு கோடு போட்டு வெட்ட ஆரம்பிச்சேன். முடிச்சுப் பார்த்தா அது கோடே இல்லை, காவிரி ஆறு மாதிரி போயிருந்தது.

பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். சிரிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. வளைவு வெட்டுறதுக்குன்னு இருக்கிற மெஷின்ல நேர்கோடு வெட்டினா அது எப்படிப்பா போகும்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டார். மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச எனக்கு இது ஏன் தோணலைன்னு ரெண்டு நாள் மண்டைக்குள்ளேயே ஓடிச்சு. எந்த வெட்டுக்கு எந்த மெஷின்? எது சுத்தணும், எது மேலும் கீழும் போகணும்? இதை முதல்ல யார் உட்கார்ந்து யோசிச்சிருப்பாங்கன்னு லைப்ரரியில தேடினப்போதான் இந்த மனிதர் கிடைச்சார். மார்க் இசம்பார்டு புருனெல்.

புருனெல்னு சொன்னதும் நம்ம சிவில் நண்பர்கள் கையைத் தூக்குவாங்க. பாலம், ரயில்வே, பெரிய கப்பல் எல்லாம் கட்டினவர்தானே? அவர் மகன், இசம்பார்டு கிங்டம் புருனெல். தொப்பியும் சுருட்டுமா சங்கிலிகளுக்கு முன்னாடி நிக்கிற அந்த போட்டோ மகனோடது. நான் சொல்லப் போறது அப்பாவைப் பத்தி. மகனோட வெளிச்சத்துல அப்பா கொஞ்சம் மறைஞ்சே போயிட்டார். எனக்கு அப்பாதான் பிடிச்சிருக்கு.

மார்க் புருனெல் 1769 ஏப்ரல் 25 அன்று பிரான்சின் நார்மண்டி பகுதியில் ஹாக்வில் என்ற கிராமத்தில் பிறந்தார். வசதியான விவசாயக் குடும்பம். மூத்தவனுக்கு நிலம், இரண்டாவது பையன் பாதிரியார் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. மார்க் இரண்டாவது பையன். பதினோரு வயதில் ரூவான் நகரில் இருந்த குருமடப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். பையனுக்கு ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை. வரைவதும் மரவேலையும்தான் ஓடியது. அங்கிருந்த தலைமைக் குரு நல்ல மனிதர் போல. தச்சு வேலை கற்றுக்கொள்ள விட்டார். கொஞ்ச காலத்தில் பையன் மேஜை, அலமாரி செய்கிற அளவுக்குத் தேறிவிட்டான். மிச்ச நேரத்தில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை வரைந்துகொண்டிருந்தான். இவன் பாதிரியார் ஆக மாட்டான் என்பது எல்லோருக்கும் புரிந்துபோக, உறவினர் வீட்டில் தங்கிப் படித்து 1786-ல் கடற்படைப் பயிற்சியாளனாகச் சேர்ந்தான். கப்பலில் கோணம் அளக்கும் ஆக்டன்ட் கருவியைக் கடையில் வாங்காமல் தானே செய்து வைத்துக்கொண்டான். மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் சில வருடங்கள் சுற்றினான்.

1792-ல் திரும்பி வந்தபோது நாடே தலைகீழாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி. புருனெல் அரசர் பக்கம். அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. 1793 ஜனவரியில் பாரிஸில், ரோப்ஸ்பியருக்கு எதிராக வாயை விட்டுவிட்டு ரூவானுக்கு ஓடி வர வேண்டியதாயிற்று. அங்கேதான் சோஃபியா கிங்டம் என்ற ஆங்கிலேயப் பெண்ணைச் சந்தித்தார். பிளிமத் ஊர்க்காரர். பதினாறு பிள்ளைகளில் கடைசி, பெற்றோர் இல்லை. இருவருக்கும் பிடித்துப்போனது. ஆனால் ஊரில் இருந்தால் தலை போகும். 1793 ஜூலையில் புருனெல் ஓர் அமெரிக்கக் கப்பலில் ஏறிவிட்டார். சோஃபியாவால் கூடப் போக முடியவில்லை.

இந்தக் கப்பல் பயணத்தைப் பற்றி அவர் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு கதை உண்டு. கையில் பாஸ்போர்ட் இல்லாததை நடுக்கடலில்தான் கவனித்தாராம். வழியில் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் மறித்துச் சோதனை போட வந்தது. கூட வந்த ஒருவரின் பாஸ்போர்ட்டை வாங்கி, அதைப் பார்த்துத் தனக்கு ஒன்று வரைந்து, முத்திரை உட்படப் பக்காவாகத் தயாரித்து நீட்டிவிட்டாராம். டிராயிங் நல்லா வந்தா உயிர் பிழைக்கலாம்ங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். (முதல் வருஷ மாணவர்கள் கவனிக்க. போர்ஜரி பண்ணச் சொல்லலை, டிராயிங் ஹால்ல தூங்காதீங்கன்னு சொல்றேன்.)

இந்தப் பக்கம் சோஃபியா ஆங்கிலேய உளவாளி என்று கைது செய்யப்பட்டார். கிராவலின் என்ற ஊரில் சிறையாக மாற்றப்பட்ட ஒரு கன்னியர் மடத்தில் அடைத்தார்கள். எந்த நாளும் கில்லட்டினுக்கு அழைப்பு வரலாம் என்ற நிலை. 1794-ல் ரோப்ஸ்பியர் விழுந்த பிறகுதான் விடுதலை. அடுத்த வருடம் லண்டன் போய்ச் சேர்ந்தார். புருனெல் அமெரிக்காவில். நடுவில் அட்லான்டிக் கடல். கடிதம் போக வர மாதக்கணக்கு.

அமெரிக்காவில் புருனெல் நில அளவை செய்தார், கால்வாய்க்கு வழி பார்த்தார், வாஷிங்டனில் கட்டவிருந்த கேபிடலுக்கு டிசைன் அனுப்பினார் (தேர்வாகவில்லை). 1796-ல் குடியுரிமை வாங்கி நியூயார்க் நகரத்தின் தலைமைப் பொறியாளராகவும் ஆனார். நல்ல வேலை, நல்ல பெயர். ஆள் அங்கேயே செட்டிலாகியிருக்கலாம். 1798-ல் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் வீட்டு விருந்து ஒன்றில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் கப்பி தேவைப்படுகிறது, அத்தனையும் கையால் செய்கிறார்கள்.

கப்பின்னா நம்ம கிணத்துல இருக்கிற அதேதான். பாய்மரக் கப்பலில் ஒவ்வொரு கயிறும் ஒரு கப்பி வழியாகத்தான் ஓடும். பாயை ஏத்த, இறக்க, திருப்ப, பீரங்கியை இழுக்க, எல்லாத்துக்கும். 74 பீரங்கி கொண்ட ஒரு நடுத்தரப் போர்க்கப்பலுக்கே சுமார் ஆயிரம் கப்பி வேணும். எல்ம் மரத்தில் ஒரு கூடு, அதில் நீளமா ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ள லிக்னம் வீட்டே என்ற இரும்பு போன்ற மரத்தில் ஒரு சக்கரம், நடுவில் ஓர் அச்சு. லிக்னம் வீட்டே தண்ணியில போட்டா மூழ்கும், அவ்வளவு அடர்த்தி. கையால் செய்யும்போது ஒன்று போல ஒன்று வராது. புயல் நேரத்திலோ சண்டை நேரத்திலோ ஒரு கப்பியில் கயிறு சிக்கினால் கப்பல் சொன்ன பேச்சுக் கேட்காது.

புருனெலுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். மெஷின் ஒரு காரணம். சோஃபியா இருப்பது இங்கிலாந்தில் என்பது இன்னொரு காரணம். எது முதல் காரணம்னு கேட்காதீங்க. 1799 பிப்ரவரியில் ஹாமில்டனிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். மார்ச்சில் இங்கிலாந்தில் இறங்கினார். அதே வருடம் நவம்பர் 1 அன்று லண்டனில் கல்யாணம். ஆறு வருடப் பிரிவு அது.

அடுத்து மெஷின். இங்கேதான் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

கப்பி செய்யும் மெஷின் என்றால் நம் மூளை எப்படிப் போகும்? ஒரு பக்கம் மரத்தைப் போட்டால் மறுபக்கம் கப்பி வரும் ஒரு பெரிய ராட்சச மெஷின். புருனெல் அப்படிப் போகவில்லை. ஒரு கப்பிக்கு எத்தனை வெட்டு விழுகிறது என்று தனித்தனியாகப் பிரித்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று கேள்வி. கத்தி சுற்ற வேண்டுமா, மேலும் கீழும் போக வேண்டுமா? நகர வேண்டியது கத்தியா, மரமா? மரத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி? பதிலைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின். கடைசியில் 40-க்கு மேல் மெஷின்கள் வந்தன.

முதலில் அடிமரத்தைத் துண்டு போட வேண்டும். இங்கே ஒரு சிக்கல். வட்ட ரம்பத்தின் விட்டம் இரண்டடி என்றால் அது ஓரடி ஆழம் கூட வெட்டாது. நடுவில் அச்சு இருக்கிறதே! அதாவது வெட்டும் ஆழம் எப்போதும் ஆரத்தைவிடக் குறைவுதான். அதனால் பெரிய மரங்களுக்கு முன்னும் பின்னும் போகும் நேர் ரம்பம் ஒன்று வைத்தார். இன்னொரு இடத்தில், வட்ட ரம்பத்தையே ஒரு சட்டத்தில் மாட்டி அடிமரத்தைச் சுற்றிப் பல பக்கத்திலிருந்தும் வெட்டும்படி செய்தார். சின்னத் துண்டுகளுக்குச் சாதாரண வட்ட ரம்பம் போதும்.

அடுத்து கூட்டில் பள்ளம். நீளமான செவ்வகத் துளையைச் சுற்றும் கருவியால் நேராகப் போட முடியாது. சுற்றுகிற எதுவும் வட்டமாகத்தான் துளைக்கும். அதற்காகச் சுற்றும் கருவியை ஒதுக்கிவிடவும் இல்லை. முதலில் துரப்பண மெஷினில் அச்சுக்கு ஒரு துளை, பள்ளம் தொடங்கும் இடத்தில் ஒரு துளை. பிறகு அதே மரத்தை உளி மெஷினில் மாட்டுவார்கள். உளி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் மேலும் கீழும் கொத்தும். ஒவ்வொரு கொத்துக்கும் மரம் கொஞ்சம் நகரும். பள்ளம் முடிந்ததும் நகர்வது தானே நின்றுவிடும். நிறுத்துவதற்கு ஆள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1803-ல் இது!

பிறகு நாலு மூலையையும் சீவ வேண்டும். இதற்கு வட்ட ரம்பம், ஆனால் மரம் வைக்கும் மேடை 45 டிகிரி சாய்வில். ரம்பம் அப்படியே நேராக நிற்கும், மரம்தான் சாய்ந்து வரும். பிறகு வெளிப்பக்கத்தை வளைவாகச் செதுக்க, ஒரு பெரிய சக்கரத்தின் விளிம்பில் பத்துக் கப்பிகளை வரிசையாக இறுக்கி, சக்கரத்தைச் சுற்ற விட்டு, ஒரு கத்தியை வில் போல நகர்த்திக்கொண்டு போனார். பத்தும் ஒரே வளைவில் வரும். எல்லாவற்றையும் ஒரு கால் சுற்றுத் திருப்பி அடுத்த பக்கம். கடைசியாகக் கயிறு உட்கார வெளியே ஒரு வாய்க்கால். அதற்குச் சுழலும் வெட்டி. இன்னைக்கு ரூட்டர்னு நாம கடையில கேட்கிறோமே, அந்த வேலைதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வட்ட ரம்பம் புருனெல் கண்டுபிடித்ததில்லை. சவுத்தாம்டனில் டெய்லர் குடும்பம் கப்பி செய்ய அதை முன்பே பயன்படுத்தியது. கடற்படையின் காண்ட்ராக்டும் அவர்களிடம்தான் பல வருடங்களாக இருந்தது. புருனெல் முதலில் போய் நின்றதே அவர்கள் வாசலில். எங்களிடம் இருப்பதே போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு மறுப்பு டெய்லர் கம்பெனியின் காண்ட்ராக்டையே பிறகு காலி செய்தது.

மாடல் செய்து தர ஆள் தேடியபோது கிடைத்தவர் ஹென்றி மாட்ஸ்லி. ஆமாம், ஸ்க்ரூ கட்டிங் லேத் பாடத்தில் வருகிற அதே மாட்ஸ்லிதான். ஐடியாவை யாராவது திருடிவிடுவார்களோ என்று பயந்த புருனெல், எதற்கான பாகம் என்று சொல்லாமலேயே படங்களைத் துண்டு துண்டாகக் கொடுத்தாராம். கொஞ்ச நாளில் மாட்ஸ்லியே இது கப்பி மெஷின் என்று கண்டுபிடித்துவிட்டார் என்பார்கள். இருவரும் சேர்ந்து செய்த மெஷின்கள் முழுக்க இரும்பு. மரச்சட்டம் வைத்து மெஷின் கட்டிய காலத்தில் இது பெரிய விஷயம். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சட்டமே ஆடினால் அளவு எப்படி நிற்கும்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் இன்னொருத்தர். சாமுவேல் பெந்தம். கடற்படைக் கட்டுமானங்களுக்குப் பெரிய அதிகாரி. தானும் மரவேலை மெஷின்களுக்கு 1793-லேயே காப்புரிமை வாங்கியவர். போர்ட்ஸ்மத் தளத்தில் நீராவி எஞ்சின் வைத்துத் தானே கப்பி மெஷின் அமைக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். புருனெலின் மாடலைப் பார்த்ததும் தன் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு 1802-ல் புருனெலுக்குச் சிபாரிசு செய்தார். நம்ம புராஜெக்ட் டீம்ல எத்தனை பேர் இதைச் செய்வோம்?

1803 முதல் மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போர்ட்ஸ்மத்தில் நிறுவப்பட்டன. 1805 செப்டம்பர் 14 காலை, டிராஃபல்கர் போருக்குக் கப்பல் ஏறும் முன்பு நெல்சன் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் உயிரோடு திரும்பவில்லை. 1808-ல் வருடத்துக்கு 1,30,000 கப்பிகள் வந்தன. கூடு செய்ய 50 பேர் வேலையை 4 பேர் செய்தார்கள். சக்கரம் செய்ய 60 பேர் வேலையை 6 பேர். ஆக 110 தேர்ந்த கைகளுக்குப் பதிலாக, பெரிய பயிற்சி எதுவும் இல்லாத 10 பேர்.

இந்த 110, 10 கணக்கைப் புத்தகங்களில் எப்போதும் சாதனை என்றே எழுதுகிறார்கள். சாதனைதான். ஆனால் எங்க தெரு ஆசாரி அண்ணன் இப்போ பெரும்பாலும் ஃபேக்டரியில வெட்டி வர்ற பலகைகளை ஸ்க்ரூ போட்டு மாட்டுற வேலைதான் செய்யறார். அவர் கையில இழைப்புளி ஓடுறதை நான் சின்ன வயசுல மணிக்கணக்கா உட்கார்ந்து பார்த்திருக்கேன். அதனால அந்தக் கழித்தல்ல மிச்சம் வர்ற நூறை என்னால சும்மா ஒரு எண்ணா மட்டும் படிக்க முடியலை.

புருனெலுக்குப் பணம் உடனே வரவில்லை. சொந்தக் காசைப் போட்டு வேலை பார்த்துவிட்டு வருடக்கணக்கில் கடற்படை அலுவலகத்துக்கு நடந்தார். கடைசியில் 17,000 பவுண்டு அளவுக்குக் கிடைத்தது. இதற்கு நடுவே 1806 ஏப்ரல் 9 அன்று போர்ட்ஸ்மத்தில் மகன் இசம்பார்டு பிறந்தான்.

இனி அவர் ரம்பங்களோடு என்ன செய்தார் என்று பார்ப்போம். லண்டனில் பாட்டர்சீ என்ற இடத்தில் சொந்தமாக மரம் அறுக்கும் மில் போட்டார். மஹாகனி போன்ற விலையுயர்ந்த மரத்தைக் காகிதம் போல மெல்லியதாக அறுத்து மேலே ஒட்டும் வெனீர் வேலை. அதற்கு அவர் வைத்த வட்ட ரம்பங்களில் பெரியதன் விட்டம் 18 அடி! ஒரே தகட்டில் இவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாது என்பதால் பல்லுள்ள துண்டுகளை விளிம்பில் வரிசையாகப் பொருத்தினார். சுற்றளவு மட்டும் 17 மீட்டருக்கு மேல். ஆனால் சாதம் என்ற ஊரின் கடற்படைத் தளத்துக்கு மில் அமைத்துக் கொடுத்தபோது முக்கிய வேலைக்கு வட்ட ரம்பத்தைப் போடவில்லை. அங்கே வேலை, பெரிய அடிமரத்தைக் கட்டையும் பலகையுமாக அறுப்பது. சட்டத்தில் பல ரம்பங்களைச் செங்குத்தாக வரிசையாக மாட்டி, மேலும் கீழும் ஓடும்படி வைத்தார். ஒரே மனிதர், இரண்டு மில், இரண்டு வேறு பதில். தன் பெயர் வாங்கிக்கொடுத்த மெஷின் என்று எல்லா இடத்திலும் அதையே திணிக்கவில்லை.

இதைப் படிச்ச அன்னைக்குத்தான் என் ஜிக்சா தப்பே பண்ணலைன்னு புரிஞ்சது. ஜிக்சா பிளேடு மெல்லிசு, ஒரு முனை மட்டும்தான் பிடிமானம். வளையறதுக்காகவே அப்படி இருக்கு. நேர் வெட்டுக்குத் தட்டையான பெரிய வட்டம் வேணும், வெட்டின தடத்துக்குள்ளேயே பிளேடு உட்கார்ந்து தானே வழி காட்டும். அதாவது சர்குலர் சா, கூடவே ஓரத்துல கிளாம்ப் போட்ட ஒரு நேர் பட்டை. நடுவுல ஜன்னல் மாதிரி ஓட்டை வேணும்னா புருனெல் வழிதான்: டிரில்லால நாலு மூலையில துளை, அப்புறம் ஜிக்சா. பலகையில வாய்க்கால் வெட்ட, விளிம்பை உருட்ட ரூட்டர். கையில பிடிக்கிற சின்ன ரோட்டரி டூல் ரொம்ப வேகமா சுத்தும்தான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 3 மி.மீ. முனை நிமிடத்துக்கு 30,000 சுத்து சுத்தினா விளிம்பு வேகம் வினாடிக்கு 5 மீட்டர்கூட இல்லை. 185 மி.மீ. சர்குலர் சா பிளேடு 5,000 சுத்துலேயே கிட்டத்தட்ட 48 மீட்டர் போகும். அதனால சின்ன ரோட்டரி டூல் பூ வேலைக்கு, மூலை சுத்தம் பண்ண. அதை வச்சுப் பலகை அறுக்கணும்னு நினைச்சா அடுத்த செமஸ்டர் லீவும் போயிடும்.

இன்னொண்ணு, தயவு செஞ்சு: நாலு இஞ்ச் கிரைண்டர்ல மர பிளேடை மாட்டி வெட்டாதீங்க. நம்ம ஊர்ல நிறைய பேர் செய்யறாங்க. கிரைண்டர் 11,000 சுத்து, விளிம்பு வேகம் வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல. பலகை மேல உட்கார அடித்தட்டு கிடையாது. பல் மரத்துல மாட்டினா மெஷினே உங்க பக்கம் எகிறும். புருனெல் மெஷின்கள்ல மரத்தைக் கையில பிடிக்கிற வேலையே அனேகமா இல்லைங்கிறதைக் கவனிங்க. முதல்ல இறுக்கிப் பிடிக்கணும், அப்புறம்தான் கத்தி.

மனிதர் மெஷின் தேர்ந்தெடுப்பதில் காட்டிய கூர்மையைக் கணக்குப் புத்தகத்தில் காட்டவில்லை. ஸ்பெயின் போரிலிருந்து வீரர்கள் காலில் கந்தல் சுற்றிக்கொண்டு திரும்பியதைப் பார்த்து, மெஷினில் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். தைக்காமல் சின்ன ஆணிகளால் அடிப்பாகத்தை இணைப்பது. வேலைக்கு எடுத்தது போரில் ஊனமுற்ற வீரர்களை. நல்ல பூட்ஸ், நல்ல நோக்கம், அரசும் வாங்கியது. 1815-ல் நெப்போலியன் தோற்றதும் போர் முடிந்தது, ஆர்டரும் முடிந்தது. பூட்ஸ் குவிந்து கிடந்தது. அதற்கு முந்தைய வருடம், 1814 ஆகஸ்டில், பாட்டர்சீ மில் தீப்பிடித்து எரிந்திருந்தது. திரும்பக் கட்டினார். பங்காளி பார்த்துக்கொண்ட பணவிவகாரம் குளறுபடி. வங்கியும் கவிழ்ந்தது.

1821 மே மாதம் கடனுக்காகச் சிறை. ஐம்பத்திரண்டு வயது. பிரிட்டிஷ் கடற்படைக்கு லட்சக்கணக்கில் கப்பி கொடுத்த மெஷினைச் செய்தவர், கடனாளிச் சிறையில். சோஃபியாவும் கூடவே போய் அங்கேயே தங்கினார். முதல் தடவை சிறையில் அவர் தனியாக இருந்தார், இந்தத் தடவை கணவரோடு. மூன்று மாதம் ஆகியும் யாரும் வரவில்லை. புருனெல் ரஷ்யாவின் ஜார் மன்னருடன் கடிதப் போக்குவரத்து தொடங்கினார். ரஷ்யாவுக்குக் குடிபோய்விடலாமா என்ற பேச்சு. விஷயம் வெளியே கசிந்ததும் லண்டன் விழித்துக்கொண்டது. வெலிங்டன் பிரபு போன்றவர்கள் தலையிட, அரசு 5,000 பவுண்டு கொடுத்துக் கடனை அடைத்தது. ஒரே நிபந்தனை, ரஷ்யா பக்கம் போகக் கூடாது. வேலை செய்ததற்குக் கிடைக்காத மரியாதை, போய்விடுவேன் என்றதும் கிடைத்தது. கேம்பஸ் பிளேஸ்மென்ட் முடிச்ச சீனியர்கள் இதை நல்லாப் புரிஞ்சுப்பாங்க.

அதன் பிறகுதான் தேம்ஸ் சுரங்கம். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்தை வாழ்நாள் முழுக்கக் கவனித்த மனிதருக்கு யோசனையும் மரத்திலிருந்தே வந்தது. கப்பல் பலகையைத் துளைக்கும் கப்பல்புழு, தலையில் உள்ள கடினமான ஓடுகளால் மரத்தை அரைத்துக்கொண்டே முன்னேறும், பின்னால் துளையின் சுவரில் ஒரு பூச்சுப் பூசிக்கொண்டே போகும். அதே மாதிரி முன்னால் இரும்புக் கவசம், பின்னால் செங்கல் சுவர். 1818-ல் காப்புரிமை, 1825-ல் ராதர்ஹித் கரையில் வேலை ஆரம்பம். 12 சட்டம், 36 அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆள் தன் முன்னால் இருக்கும் மண்ணை மட்டும் வெட்டுவார். பெரிய வேலையைச் சின்ன வெட்டுகளாகப் பிரிப்பது இங்கும் தெரிகிறது.

ஆறு சும்மா விடவில்லை. 1827 மே மாதம் தண்ணீர் உள்ளே புகுந்தது. 1828 ஜனவரி 12 அன்று மறுபடி புகுந்தபோது ஆறு பேர் இறந்தார்கள். மேற்பார்வையில் இருந்த மகன் இசம்பார்டு படுகாயத்தோடு தப்பினான். பணம் தீர்ந்து வேலை ஏழு வருடம் நின்றது. 1835-க்குப் பிறகு அரசுக் கடனில் மீண்டும் தொடங்கி, 1841-ல் சர் பட்டம் வந்து, 1843 மார்ச் 25 அன்று சுரங்கம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓடும் ஆற்றின் அடியில் கவசம் வைத்துத் தோண்டிய முதல் சுரங்கம். வண்டிகள் போகும் பாதை கட்டப் பணம் இல்லை, அதனால் நடந்துதான் போக முடிந்தது. பிறகு ரயில்வே வாங்கியது. இன்றும் அதில் ரயில் ஓடுகிறது. நம்ம மெட்ரோ சுரங்கத்துக்கு வர்ற டனல் போரிங் மெஷின் இந்தக் கவசத்தோட பேரப்பிள்ளை.

திறப்பு விழாவுக்கு முந்தைய வருடமே அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. 1845-ல் இன்னொன்று. அதன் பிறகு வலது பக்கம் சரியாக வேலை செய்யவில்லை. 1849 டிசம்பர் 12 அன்று எண்பது வயதில் லண்டனில் இறந்தார். கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஐந்து வருடம் கழித்துச் சோஃபியாவும், பத்து வருடம் கழித்து மகனும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

போர்ட்ஸ்மத் மெஷின்கள் அவரைவிட அதிக நாள் வாழ்ந்தன. பாய்மரக் கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்த பிறகும் கப்பி தேவைப்பட்டது. அளவு குறைந்தாலும் 1960-கள் வரை அங்கே கப்பி வெட்டினார்கள். அதாவது 150 வருடத்துக்கு மேல், அதே வடிவமைப்பில். சில மெஷின்கள் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த மூலை சீவும் ரம்பமும் அங்கே இருக்கிறது, மேடை இன்னும் 45 டிகிரியில் சாய்ந்தபடி.